அம்மா வீசாட்டில், பிள்ளை க்யூக்யூவில்: சீனப் பள்ளிப் பிள்ளைகள் யாரை நம்பிப் பேசுகிறார்கள்

சீனாவில் ஒரு மேல்நிலைப் பள்ளி வகுப்பென்றால் பெரும்பாலும் மூன்று குரூப் இருக்கும். முதலாவது, வகுப்பாசிரியரும் பெற்றோரும் இருக்கும் வீசாட் (வாட்ஸ்அப் போன்ற சீன அரட்டைச் செயலி) குரூப். இரண்டாவது, ஆசிரியரும் மாணவர்களும் இருக்கும் க்யூக்யூ (அதைவிடப் பழைய அரட்டைச் செயலி) குரூப். மூன்றாவது, ஆசிரியருக்குத் தெரியாமல் மாணவர்கள் மட்டும் வைத்துக்கொண்டிருப்பது. முதல் குரூப்பில் ஆசிரியர் ஓர் அறிவிப்பு போட்டால் "கிடைத்தது", "கிடைத்தது", "ஆசிரியருக்கு ரொம்பச் சிரமம், நன்றி" என்று நாற்பது ஐம்பது பதில்கள் வரிசையாக விழும். அறிவிப்பு மேலே போய் மறைந்துவிடும். இரண்டாவதில் வீட்டுப்பாடம் மட்டும் இருக்கும். பிள்ளைகள் பேசுவதெல்லாம் மூன்றாவதில்தான்.

வீசாட், க்யூக்யூ இரண்டுக்கும் முதலாளி ஒருவர்தான். டென்சென்ட் நிறுவனம் 1999ல் க்யூக்யூவைக் கொண்டுவந்தது, 2011 ஜனவரியில் வீசாட்டை. இன்று வீசாட்டில் அம்மா, அப்பா, பெரியப்பா, டியூஷன் ஆசிரியர், காய்கறிக் கடைக்காரர் எல்லோரும் இருக்கிறார்கள். பால் வாங்கக் காசு கொடுப்பதும் அதில்தான். அத்தனை பெரியவர்கள் நடுவில் பதினைந்து வயதுப் பிள்ளையால் வாய் திறந்து பேச முடியாது. அதனால் பிள்ளைகள் பழைய க்யூக்யூவிலேயே தங்கிவிட்டார்கள். ஒரே வீட்டில் கூடத்திலிருந்து உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வது போன்றது இது. வீட்டுக்காரர் மாறவில்லை.

ஒரு சீன மாணவரின் அரட்டையைப் படிக்கக்கூடியவர்கள் மூன்று பேர்: பெற்றோர், பள்ளி, சர்வரை வைத்திருக்கும் செயலி நிறுவனம். பிள்ளைகளின் சாமர்த்தியமெல்லாம் முதல் இருவரிடமிருந்து தப்புவதில் செலவாகிறது. மூன்றாமவரிடம் அது எடுபடாது. அதைவிடக் கவலைக்குரிய விஷயம், முதல் இருவரிடமிருந்து மறைக்கப் பழகிய அதே பழக்கம் நான்காவதாக ஒருவனுக்கு, மோசடிக்காரனுக்கு, வழி விட்டுவிடுகிறது.

அழுத்தம் எங்கிருந்து வருகிறது

காவ்காவ் எனப்படும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு ஆண்டுதோறும் ஜூன் 7ஆம் தேதி தொடங்குகிறது. பெரும்பாலான மாகாணங்களில் மொத்த மதிப்பெண் 750. 2024ல் பதிவுசெய்தவர்கள் 1 கோடியே 34 லட்சம் பேர். அதற்கு முன்பே, பதினைந்து வயதில், இன்னொரு சல்லடை இருக்கிறது. ஜோங்காவ் என்ற அந்தத் தேர்வுக்குப் பிறகு ஏறக்குறைய பாதிப்பேர்தான் பொதுக்கல்வி மேல்நிலைப் பள்ளிக்குப் போவார்கள், மற்றவர்கள் தொழிற்பள்ளிக்கு என்பது நீண்டகாலமாக இருந்த கணக்கு. பெற்றோரின் பயத்துக்குக் காவ்காவைவிட இந்தப் பாதி என்ற கணக்குதான் பெரிய காரணம்.

ஹெபெய் மாகாணத்தின் ஹெங்ஷுய் மேல்நிலைப் பள்ளி இந்த அழுத்தத்துக்கே அடையாளமாகிவிட்டது. காலை ஆறு மணிக்கு முன் எழுந்து இரவு பத்து மணிவரை நிமிடக் கணக்கில் அட்டவணை, ஓட்டப் பயிற்சிக்கு வரிசையில் நிற்கும் நேரத்திலும் கையில் குறிப்புத் தாள். அங்கே மாணவர்கள் எழுதும் உருண்டையான, அச்சடித்ததுபோன்ற ஆங்கிலக் கையெழுத்துக்கு 'ஹெங்ஷுய் எழுத்து' என்றே பெயர். விடைத்தாளை ஸ்கேன் செய்து திரையில் திருத்தும்போது ஆசிரியரின் கண்ணுக்கு அது சுலபமாகப் படும் என்பதால் நாடு முழுவதும் பிள்ளைகள் அதைப் பார்த்து எழுதிப் பழகுகிறார்கள். 'ஒரு மதிப்பெண் கூட்டு, ஆயிரம் பேரை வீழ்த்து' என்ற வாசகம் பள்ளிச் சுவர்களில் தொங்கியது. அதைக் கேலி செய்யும் மீம்களும் அதே அளவுக்குப் பரவின.

இந்த வாழ்க்கையிலிருந்து பிறந்த சொற்கள் பல. 2020ல் எங்கும் பரவிய 'நெய்ஜுவான்' என்பதற்கு உள்நோக்கிச் சுருளுதல் என்று பொருள். இருக்கும் இடங்கள் கூடாமல் எல்லோருடைய உழைப்பும் மட்டும் கூடிக்கொண்டே போகும் நிலை அது. திரையரங்கில் முன்வரிசைக்காரர் எழுந்து நின்றால் பின்னால் இருப்பவர்களும் எழ வேண்டிவரும், கடைசியில் உட்கார்ந்து பார்த்த அதே படத்தை எல்லோரும் நின்றுகொண்டே பார்ப்பார்கள் என்று சீனப் பெற்றோர் இதை விளக்குவது வழக்கம். அடுத்த ஆண்டே எதிர்ச்சொல் வந்தது: 'தாங்பிங்', அதாவது கை காலை நீட்டிப் படுத்துவிடுதல். பிள்ளையை ஓயாமல் வகுப்புக்கு வகுப்பு விரட்டும் பெற்றோருக்கு 'ஜிவா' பெற்றோர் என்று பெயர். சொல்லுக்குச் சொல் பார்த்தால் கோழிப்பிள்ளை. 1960களில் உடம்புக்குத் தெம்பு என்று கோழி ரத்தத்தை ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பைத்தியம் சீனாவில் பரவியிருந்தது, அங்கிருந்து வந்த சொல் இது.

2021 ஜூலையில் அரசு 'இரட்டைக் குறைப்பு' கொள்கையை அறிவித்தது. ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு எழுத்து வீட்டுப்பாடம் கிடையாது. மூன்று முதல் ஆறு வரை 60 நிமிடம், நடுநிலையில் 90 நிமிடம் என்பது உச்சவரம்பு. முக்கியப் பாடங்களுக்கான டியூஷன் நிறுவனங்கள் லாபத்துக்காக இயங்கக் கூடாது, வார இறுதியிலும் விடுமுறையிலும் வகுப்பு எடுக்கக் கூடாது. பெரிய டியூஷன் கம்பெனிகளின் பங்குகள் சரிந்தன. ஆனால் ஜோங்காவ் சல்லடை அப்படியே இருந்ததால் டியூஷன் வீட்டுக்குள் போய் ஒளிந்துகொண்டது. அதற்கான ஏற்பாடும் வீசாட் குரூப்பிலேயே ரகசியமாக நடந்தது. தடை வந்ததும் பெற்றோரும் மறைவாகப் பேசக் கற்றுக்கொண்டார்கள். பிள்ளைகள் அதை முன்பே கற்றிருந்தார்கள்.

பார்த்துவிட்டாரா, பார்க்கவில்லையா

செயலியின் சின்னச் சின்ன அமைப்புகள் உறவுகளை எவ்வளவு மாற்றும் என்பதற்கு டிங்டாக் நல்ல உதாரணம். அலிபாபா நிறுவனம் அலுவலகங்களுக்காகச் செய்த செயலி அது. செய்தியை யார் படித்தார், யார் படிக்கவில்லை என்று பெயர்ப் பட்டியலோடு காட்டும். படிக்காதவருக்கு ஒரு பொத்தானை அழுத்திப் போன் அழைப்பாகவும் எஸ்எம்எஸ்ஸாகவும் நினைவூட்டல் அனுப்பலாம். 2020 பிப்ரவரியில் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது கோடிக்கணக்கான பிள்ளைகள் இதற்குள் வந்து சேர்ந்தார்கள். விடுமுறை என்று நினைத்த நாட்களில் வருகைப் பதிவும் நேரலை வகுப்பும் தொடங்கின. பிள்ளைகள் செயலிக் கடைக்குப் போய் ஒரு நட்சத்திரம் கொடுத்தார்கள். ஐந்து நட்சத்திரம் தருகிறோம், ஆனால் ஐந்து தவணையில், இது முதல் தவணை என்று எழுதினார்கள். மதிப்பீடு சரிந்ததும் நிறுவனமே பிலிபிலி என்ற காணொளித் தளத்தில் ஒரு பாட்டுக் காணொளி வெளியிட்டுப் பிள்ளைகளிடம் கெஞ்ச வேண்டிவந்தது.

வீசாட்டில் அந்த அமைப்பு கிடையாது. செய்தியைப் படித்தீர்களா என்று அது காட்டாது, இணைப்பில் இருக்கிறீர்களா என்பதையும் சொல்லாது. அனுப்பிய செய்தியை 2 நிமிடத்துக்குள் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், ஆனால் எடுத்துவிட்டார் என்ற அறிவிப்பு எதிராளிக்குத் தெரியும். ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் யாருக்கும் அறிவிப்பு போகாது. பிள்ளைகளுக்கு உண்மையான பயமே இந்தக் கடைசி விஷயத்தில்தான். பல செய்திகளைத் தேர்ந்தெடுத்து 'உரையாடல் பதிவு' என்று ஒரே கட்டாக இன்னொருவருக்கு அனுப்பும் வசதியும் உண்டு. பெயரோடும் படத்தோடும் அது அப்படியே போகும். தோழிக்கு இரவில் எழுதியது காலையில் வகுப்பாசிரியர் கையில் இருப்பது இப்படித்தான்.

'மொமென்ட்ஸ்' எனப்படும் நண்பர் வட்டத்தில் போடும் படங்களை மூன்று நாள், ஒரு மாதம், ஆறு மாதம் மட்டும் தெரியும்படி வைக்கலாம். பிள்ளைகளில் பலர் மூன்று நாளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பழையதைத் தோண்டுகிறவருக்கு ஒரு மெல்லிய கோடு மட்டும் தெரியும். அதோடு ஒவ்வொரு பதிவையும் யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்று தொடர்புகளுக்கு அடையாளச் சீட்டு ஒட்டிப் பிரிக்கலாம். தவறு நடப்பது இங்கேதான். 'குடும்பம் தவிர மற்ற எல்லோரும்' என்று வைத்த பிள்ளை, போன வாரம் புதிதாகச் சேர்ந்த சித்தியைக் குடும்பச் சீட்டில் சேர்க்க மறந்துவிடும். சித்தி பார்ப்பார், அம்மாவுக்குச் சொல்வார். விலக்குப் பட்டியலில் புதியவர்கள் தானாகச் சேர மாட்டார்கள். இவர்களுக்கு மட்டும் என்று சேர்ப்புப் பட்டியல் வைத்தால் இந்த ஓட்டை இருக்காது.

பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் ஒரே படம் வேறு வேறு பொருள் தருவதையும் இங்கே சொல்ல வேண்டும். வீசாட்டின் முதல் முகக்குறி, மெல்லப் புன்னகைக்கும் மஞ்சள் முகம். அம்மாவுக்கு அது அன்பு. மகளுக்கு அது 'உன்னோடு பேச விருப்பமில்லை' என்ற குளிர்ந்த முகம். இதை அறியாமல் தேர்வுக்கு முதல்நாள் அம்மா அனுப்பும் புன்னகை சண்டையில் முடிந்துவிடுகிறது.

க்யூக்யூவின் உள்ளறை

க்யூக்யூவில் எண்ணே அடையாளம். கணக்கு எவ்வளவு நாள் உயிரோடு இருந்தது என்பதை நட்சத்திரம், நிலா, சூரியன் என்று காட்டும். நான்கு நட்சத்திரம் ஒரு நிலா, நான்கு நிலா ஒரு சூரியன். முகப்படத்துக்குச் சட்டம், பேச்சுக்குமிழுக்கு நிறம், பூ வேலை எல்லாம் உண்டு. தினமும் விடாமல் பேசினால் நட்புச் சின்னம் வளரும், இடையில் விட்டால் அணையும். புது நண்பர் தேடுவதற்கு 'குவோலியே' என்று பெயர், பட்டியலை நீட்டுதல் என்று பொருள். பெற்றோருக்குத் தெரிந்த கணக்குக்குப் பக்கத்தில் 'சியாவ்ஹாவ்', அதாவது சின்னக் கணக்கு, இன்னொன்று இருப்பது சாதாரணம்.

மொழியும் ஒரு பூட்டுதான். சீனச் சொற்களின் ரோமன் உச்சரிப்பில் முதல் எழுத்துகளை மட்டும் எழுதுவார்கள். 'ஒய்ஒய்டிஎஸ்' என்றால் என்றென்றைக்கும் இவர்தான் கடவுள், 'எக்ஸ்எஸ்டபிள்யூஎல்' என்றால் சிரித்துச் சிரித்துச் செத்தேன். மின்விளையாட்டு நேரலைகளிலும் ரசிகர் வட்டங்களிலும் பிறந்து வகுப்பறைக்கு வந்தவை இவை. இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் க்யூக்யூ தலைமுறை கோணல்மாணலான எழுத்துருக்களைக் கலந்து 'செவ்வாய்க் கிரக எழுத்து' என்று எழுதியது. அன்று அதை எழுதியவர்களில் பலர் இன்று பெற்றோர்.

ஆனால் க்யூக்யூ உலகத்தில் நம்பிக்கை என்றால் என்ன என்று புரிந்துகொள்ள ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கும் 'சுவரை'ப் பார்க்க வேண்டும். 'பியாவ்பாய் சியாங்', மனம் திறக்கும் சுவர். அது வேலை செய்யும் விதம் இது. யாரோ ஒரு மாணவர் ஒரு க்யூக்யூ கணக்கு தொடங்கிப் பள்ளியின் பெயரைச் சூட்டுகிறார். மற்ற மாணவர்கள் அதை நண்பராகச் சேர்க்கிறார்கள். 'மூன்றாம் வகுப்புப் பிரிவில் ஜன்னலோரம் உட்காரும் பையன் யார்', 'உணவகத்தில் சாப்பாட்டு அட்டை தொலைந்தது', 'கணக்கு வாத்தியார் இன்று செய்தது நியாயமா' என்று அனுப்புகிறார்கள், கூடவே 'பெயர் வேண்டாம்' என்று ஒரு வரி. சுவர்க்காரர் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, படத்தையும் பெயரையும் மறைத்து, க்யூக்யூவோடு சேர்ந்த தன் க்யூசோன் பக்கத்தில் ஒட்டுகிறார். கீழே கருத்துகள் குவிகின்றன.

இதில் பலவீனமான இடங்கள் வெளிப்படையானவை. பெயர் மறைத்தாலும் பேச்சுக்குமிழின் நிறமும் பூ வேலையும் அப்படியே தெரியும். வகுப்பில் அந்தக் குமிழ் யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். சுவர்க்காரருக்கு எல்லோருடைய எண்ணும் ரகசியமும் தெரியும், அவர் யார் என்று மற்றவர்களுக்குத் தெரியாது. அவர் படித்து முடித்துப் போகும்போது கணக்கை ஜூனியருக்குக் கைமாற்றுவார், சில சமயம் விளம்பரக்காரருக்கு விற்றுவிடுவார். பழைய செய்திகளும் நண்பர் பட்டியலும் கணக்கோடு சேர்ந்து போகும். மாணவர் பெயரில் ஆசிரியர் ஒருவர் நண்பராக இருப்பதும் நடக்கக்கூடியதே. இவ்வளவும் தெரிந்தும் பிள்ளைகள் சுவருக்கு எழுதுகிறார்கள். பத்து மணிவரை வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் பேச வேறு இடம் குறைவு.

போனைப் பொறுத்தவரை 2021 ஜனவரியில் கல்வி அமைச்சகம் ஓர் அறிவிப்பு விட்டது. பள்ளிக்குள் மாணவர்கள் போன் கொண்டுவருவது பொதுவாகக் கூடாது. தேவையென்றால் பெற்றோர் எழுத்தில் விண்ணப்பித்து, பள்ளிக்குள் வந்ததும் ஒப்படைக்க வேண்டும். ஆசிரியர் போன் வழியாக வீட்டுப்பாடம் கொடுக்கக் கூடாது. விடுதி மாணவர்கள் கண்டுபிடித்த மாற்று வழி, கடையில் காட்சிக்கு வைக்கும் போலிப் போனை இணையத்தில் வாங்கி அதை ஒப்படைத்துவிட்டு உண்மையானதை மெத்தைக்கடியில் வைத்துக்கொள்வது. அதுவும் முடியாதவர்கள் தடுக்கப்படாத இடங்களில் பேசுகிறார்கள்: பணம் அனுப்பும் செயலியின் அரட்டை, பாட்டுச் செயலியின் தனிச்செய்தி, இருவர் சேர்ந்து திருத்தும் ஆவணம்.

பெற்றோர் படிக்கலாமா

சீனச் சட்டம் இதில் தெளிவாகவே பேசுகிறது, பல பெற்றோருக்கு அது வியப்பாக இருக்கும். 2021 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த சிறார் பாதுகாப்புச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, சிறாரின் கடிதம், நாட்குறிப்பு, மின்னஞ்சல், இணைய உரையாடல் எதையும் யாரும் திறந்து பார்க்கக் கூடாது என்கிறது. விதிவிலக்கு மூன்று. 8 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பதிலாகப் பெற்றோரோ காப்பாளரோ பார்ப்பது, தேசப் பாதுகாப்புக்கோ குற்ற விசாரணைக்கோ சட்டப்படி பார்ப்பது, அந்தப் பிள்ளையின் உயிரையும் உடம்பையும் காப்பாற்ற அவசரத்தில் பார்ப்பது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த பள்ளி விதிமுறைகளின் 10ஆம் பிரிவு பள்ளிகளையும் கட்டுப்படுத்துகிறது. மாணவரின் மதிப்பெண்ணையும் தரவரிசையையும் பகிரங்கப்படுத்தக் கூடாது, சட்டபூர்வக் காரணம் இல்லாமல் உரையாடலைப் பார்க்கக் கூடாது.

வீட்டுக்குள் இந்தச் சட்டம் நுழைவதில்லை. அவசரம் என்ற சொல்லைப் பெற்றோர் தங்கள் கவலையின் அளவுக்கு நீட்டிக்கொள்கிறார்கள். 2019ல் வந்த 'சியாவ் ஹுவான்சி' தொலைக்காட்சித் தொடரில் ஓர் அம்மா, மகள் சத்தமில்லாமல் படிக்கட்டும் என்று அறைக்கு ஒலித்தடுப்பு போட்டுவிட்டு, மகளைப் பார்த்துக்கொண்டிருக்கச் சுவரில் கண்ணாடி ஜன்னலும் வைத்திருப்பார். நாடே அந்த ஜன்னலைப் பற்றிப் பேசியது. பெற்றோரின் கட்சியில் ஒரு நியாயம் இல்லாமல் இல்லை, அவர்கள்மீதும் பள்ளி ஏறி உட்கார்ந்திருக்கிறது. 2020 இறுதியில் ஜியாங்சு மாகாணத்து அப்பா ஒருவர், பாடம் சொல்லிக்கொடுப்பதும் நான், திருத்துவதும் நான், பிறகு ஆசிரியருக்குச் சிரமம் என்று நன்றியும் சொல்ல வேண்டுமா, குரூப்பைவிட்டு வெளியேறுகிறேன் என்று கத்தும் காணொளி பெருவாரியாகப் பரவியது. கிட்டத்தட்ட ஒவ்வொரு பெற்றோரும் அதைத் தங்கள் குரலாகக் கேட்டார்கள்.

சர்வர் படிப்பது

வாட்ஸ்அப் பயன்படுத்தும் நமக்கு 'இருமுனைக் குறியாக்கம்' என்ற சொல் பழகியிருக்கிறது. அனுப்புபவர் போனில் பூட்டப்படும் செய்தி பெறுபவர் போனில்தான் திறக்கும், நடுவில் இருக்கும் நிறுவனத்திடம் சாவி இல்லை. வீசாட்டும் க்யூக்யூவும் அப்படி அல்ல. உங்கள் போனிலிருந்து சர்வர்வரை ஒரு பூட்டு, சர்வரிலிருந்து மறுமுனைவரை இன்னொரு பூட்டு. காபிக்கடை வைஃபையில் ஒட்டுக்கேட்பவரால் படிக்க முடியாது. நடுவில் சர்வருக்குச் செய்தி தெளிவாகத் தெரியும்.

அதன் விளைவைக் கனடாவின் டொரான்டோ பல்கலைக்கழகத்திலுள்ள சிட்டிசன் லேப் ஆய்வுக்குழு பல ஆண்டுகளாகச் சோதித்துக் காட்டியிருக்கிறது. சீன எண்ணில் பதிவான கணக்கு தடைசெய்யப்பட்ட சொல் உள்ள செய்தியை அனுப்பினால் அது எதிராளிக்குப் போய்ச் சேராது, போகவில்லை என்ற அறிவிப்பும் வராது. வெளிநாட்டு எண்ணில் பதிவானவர்கள் தங்களுக்குள் பகிரும் படங்களும் ஆவணங்களும்கூட அலசப்பட்டு, சீனக் கணக்குகளுக்கான தணிக்கைப் பட்டியலை வளர்க்கப் பயன்படுகின்றன என்று 2020 மே மாத அறிக்கை சொன்னது. 2018 புத்தாண்டன்று ஜீலி கார் நிறுவனத்தின் தலைவர் லி ஷுஃபு, நம்முடைய வீசாட்டை டென்சென்ட் தலைவர் தினமும் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற பொருளில் பேசியதும், உரையாடல்களை நாங்கள் சேமித்து வைப்பதில்லை, அவை பயனரின் போனில் மட்டுமே இருக்கின்றன என்று வீசாட் மறுத்தது. சேமித்து வைப்பதும் கடந்துபோகும்போது வடிகட்டுவதும் வெவ்வேறு வேலைகள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால் இந்த விஷயமே புரியாது.

குரூப்பில் நடப்பதற்கு அதைத் தொடங்கியவரும் நடத்துபவரும் பொறுப்பு என்று 2017 அக்டோபர் முதல் விதி இருக்கிறது. அதனால் வகுப்பு குரூப்பை வைத்திருக்கும் ஆசிரியர் தேவையில்லாத பேச்சை உடனே நிறுத்துவதற்குக் கண்டிப்பு மட்டும் காரணம் அல்ல. மாற்றுச் செயலிகளும் எளிதில் கைக்கு எட்டாது. வாட்ஸ்அப் 2017லும் சிக்னல் 2021லும் தடுக்கப்பட்டன. 2024 ஏப்ரலில் வாட்ஸ்அப், சிக்னல், டெலிகிராம் மூன்றையும் ஆப்பிள் தன் சீனச் செயலிக் கடையிலிருந்தே எடுத்துவிட்டது. இந்தியா 2020 ஜூன் 29ல் 59 சீனச் செயலிகளைத் தடைசெய்தபோது வீசாட்டும் அதில் போனது. சீனாவில் மருத்துவம் படித்துவந்த இந்திய மாணவர்களின் வகுப்பு குரூப்பும் பேராசிரியரின் தொடர்பும் அந்தச் செயலிக்குள்தான் இருந்தன.

சராசரிப் பதினாறு வயதுக்கு இந்த மூன்றாம் வாசகர் அன்றாடக் கவலை அல்ல. அம்மா படித்தால் இன்றிரவே வீடு இரண்டுபடும், சர்வர் படித்தால் ஒன்றும் நடக்காததுபோல இருக்கும். 2020ல் நெட்ஈஸ் கிளவுட் மியூசிக் செயலியின் பாட்டுகளுக்குக் கீழே நள்ளிரவில் பிள்ளைகள் எழுதிக் குவித்த சோகக் கருத்துகள் கேலிப்பொருளாகவே ஆகிவிட்டன. முகம் தெரியாத லட்சம் பேருக்கு முன்னால் அழுவது, அடுத்த அறையில் இருக்கும் அப்பாவிடம் அழுவதைவிடச் சுலபமாக இருந்தது. இப்படி மனதைக் கொட்டும் இடத்துக்கு 'ஷுதோங்', மரப்பொந்து, என்று பெயர். 2012ல் இறந்துபோன கல்லூரி மாணவி ஒருவரின் கடைசிப் பதிவு, வெய்போ என்ற சமூக வலைத்தளத்தில் போட்டது, அப்படி ஒரு பொந்தாகிவிட்டது. அதன் கீழே பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்துகள் சேர்ந்தன. ஆம்ஸ்டர்டாமில் பணிபுரியும் செயற்கை நுண்ணறிவு ஆய்வாளர் ஹுவாங் ஜிஷெங் 2018ல் தொடங்கிய 'மரப்பொந்து' மீட்புத் திட்டம், அங்கே எழுதப்படுபவற்றைக் கணினியால் அலசி, உடனடி ஆபத்தில் இருப்பவர்களுக்குத் தன்னார்வலர்களை அனுப்புகிறது. பிறர் படிப்பதாலேயே ஓர் உயிர் நிற்கவும் கூடும். படிக்கிறவர் யார், எதற்காகப் படிக்கிறார் என்பதை விட்டுவிட்டு அந்தரங்கத்தைப் பற்றிப் பேச முடியாது.

நான்காவது ஆள்

பெற்றோர் குரூப்பில் நடக்கும் மோசடி பழகிப்போன ஒன்று. அதன் படிகள் பெரும்பாலும் இப்படித்தான். பிள்ளை வழியாகவோ பரவிய க்யூஆர் குறியீட்டின் வழியாகவோ ஒருவன் குரூப்புக்குள் வருகிறான். சில நாள் பேசாமல் இருந்து வகுப்பாசிரியர் எழுதும் விதத்தைக் கவனிக்கிறான். ஆசிரியர் பாடம் நடத்தும் நேரம் பார்த்து, அவருடைய படத்தையும் பெயரையும் தன் கணக்கில் வைத்துக்கொண்டு, பயிற்சித்தாள் கட்டணம் இவ்வளவு, இந்தக் குறியீட்டில் கட்டுங்கள் என்று போடுகிறான். அவனுடைய கூட்டாளி 'கட்டிவிட்டேன்' என்று முதலில் எழுதுகிறான். 'கிடைத்தது' எழுதிப் பழகிய கைகள் கேள்வி கேட்காமல் பணம் அனுப்புகின்றன. முதல் ஆளாகச் சந்தேகம் கேட்டு ஆசிரியரின் மனக்கசப்பைச் சம்பாதிக்க யாருக்கும் விருப்பமில்லை. மோசடிக்காரன் முதலீடு செய்வது அந்தத் தயக்கத்தில்தான்.

தடுப்பது கடினம் அல்ல. வீசாட்டில் ஆசிரியரின் கணக்குக்கு உங்கள் போனில் நீங்களே ஒரு புனைபெயர்க் குறிப்பு வையுங்கள். குரூப்பில் அவர் பேசும்போது அந்தக் குறிப்புப் பெயர்தான் உங்களுக்குத் தெரியும். அது உங்கள் கணக்குக்கு மட்டும் உரியது, போலி ஆளால் நகலெடுக்க முடியாது. அவன் படத்தைத் தொட்டால் 'தொடர்பில் சேர்' என்ற பொத்தான் காட்டிக்கொடுத்துவிடும். குரூப் உறுப்பினர் பட்டியலில் முதலில் இருப்பவர்தான் குரூப்பின் சொந்தக்காரர். ஆசிரியர் செய்ய வேண்டியது ஒன்றே: 'அழைப்புக்கு உறுதிப்படுத்தல்' அமைப்பை இயக்குவது. அதை இயக்கினால் குறியீட்டை ஸ்கேன் செய்து உள்ளே வருவதும் தானாக நின்றுவிடும். இயக்காத குரூப்பின் குறியீடு 7 நாள்வரை உயிரோடு இருக்கும், அதற்குள் எங்கெங்கோ போய்விடும்.

பிள்ளைகளைக் குறிவைக்கும் மோசடி இதைவிடக் கொடூரமானது. வலை விரிப்பது அவர்களுக்குப் பிடித்த இடத்தில்: விளையாட்டுக் கதாபாத்திரத்துக்கு இலவச ஆடை, அல்லது ஒரு பாடகரின் பெயரில் 'ரசிகர்களுக்குப் பரிசுப் பணம்' தரும் க்யூக்யூ குரூப். 2021 செப்டம்பர் முதல் சிறார் இணைய விளையாட்டு ஆடுவது வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு 8 முதல் 9 வரை மட்டுமே என்று ஆனபின், வயது வந்தவர் கணக்கை வாடகைக்குத் தருகிறோம் என்ற தூண்டிலும் சேர்ந்துகொண்டது. குழந்தை சேர்ந்ததும் குரல் மாறுகிறது. நீ சிறுவன், பரிசு வாங்கியது சட்டவிரோதம், உன்னால் அந்த நட்சத்திரத்தின் கணக்கே முடங்கிவிட்டது, வழக்கு போட்டால் உன் அப்பா அம்மாவைப் போலீஸ் பிடிக்கும், பள்ளிக்கும் தெரியும். பிறகு கட்டளை: அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு யாரும் இல்லாத அறைக்குப் போ, திரையைப் பகிர், நான் சொல்லும் எண்ணை அழுத்து. திரையைப் பகிர்ந்ததும் வங்கியின் சரிபார்ப்புக் குறியீடு அவனுக்கும் தெரிகிறது.

இந்த மிரட்டல் ஏன் பலிக்கிறது என்று பார்த்தால் பள்ளி அழுத்தத்தின் வேர் தெரியும். தேர்வுக் காலத்தில் விளையாடியதே வீட்டுக்குத் தெரியக் கூடாத குற்றம். அதைச் சொல்லித் திட்டு வாங்குவதைவிட அந்நியன் சொல்வதைச் செய்து முடித்துவிடலாம் என்று பிள்ளை நினைக்கிறது. 'யாரிடமும் சொல்லாதே' என்பது அதற்குப் புதிய கட்டளை அல்ல.

அம்மாவின் போனில் செய்து வைக்கக்கூடியவை சில உண்டு. பணம் கட்டும் கடவுச்சொல்லும் திரையைத் திறக்கும் எண்ணும் ஒன்றாக இருக்கக் கூடாது, பிள்ளைக்குப் பணக் கடவுச்சொல் தெரியக் கூடாது. வீசாட்டில் நண்பர் கணக்குக்கு அனுப்பும் பணம் உடனே, 2 மணி நேரம் கழித்து, 24 மணி நேரம் கழித்து என மூன்று விதமாகப் போய்ச்சேரும்படி வைக்கலாம். 24ஐத் தேர்ந்தெடுங்கள். ஆனால் கடைக் குறியீட்டில் கட்டும் பணத்துக்கு இந்தத் தாமதம் இல்லை என்பதால் அன்றாட உச்சவரம்பையும் குறைத்து வைக்க வேண்டும். 96110 என்ற எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் துண்டிக்காதீர்கள். அது போலீசின் மோசடித் தடுப்பு எண், நீங்களோ வீட்டில் யாரோ வலையில் இருக்கக்கூடும் என்று எச்சரிக்க வரும் அழைப்பு.

பணம் போன பிறகு போலீஸ் முதலில் கேட்பது உரையாடலைத்தான்: எதிராளியின் க்யூக்யூ எண், அனுப்பிய குறியீடு, நேரம். பணப் பரிமாற்றச் சீட்டு கணக்குப் பட்டியலில் இருக்கும். ஆனால் அம்மா பார்த்துவிடுவாள் என்று ஒவ்வோர் அரட்டை முடிந்ததும் அழித்துப் பழகிய பிள்ளை இதையும் அழித்திருக்கும், மோசடிக்காரனும் அழிக்கச் சொல்லியிருப்பான், அந்தக் குரூப்பும் அதற்குள் கலைக்கப்பட்டிருக்கும். போனில் இல்லாததை வீட்டிலிருந்து மீட்க வழி கிடையாது. அதனால் பிள்ளை அரைகுறையாகச் சொல்லத் தொடங்கும் அந்த நிமிடத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி 'ஏன் செய்தாய்' என்பது அல்ல, 'இன்னும் அழிக்கவில்லையே?' என்பது. அழிக்கவில்லை என்றால் மேலிருந்து கீழ்வரை திரைப்பதிவு எடுத்துவிட்டு உடனே போலீசின் 110 எண்ணை அழைக்க வேண்டும்.